பதினோராம் கட்டிலுக்கு உரியவர்

செவ்வாய்க்கிழமை காலை ராகவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குக் கிளம்பினார். பாதி வராந்தா தாண்டுவதற்குள் ஹுஸ்னா வழிமறித்தாள். இந்தோனேசியாவின் மேடானிலிருந்து இந்தப் பினாங்கு முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு வந்து ஏழு வாரம் ஆன பெண். சிரித்த முகம், ஆனால் பிடி இரும்புப் பிடி.

"பக்சிக், ஹரி இனி தாடா மண்டி," என்றாள். பெரியவருக்கு இன்றைக்குக் குளியல் கிடையாதாம். திங்களும் வியாழனும்தானாம். அதுவும் கட்டிலிலேயே ஈரத்துணியால் துடைத்துவிடுவார்களாம்.

"தினம் ரெண்டு வேளை குளிக்கிறவன் நான்," என்றார் ராகவன். தமிழில் சொன்னோமா மலாயில் சொன்னோமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. நாக்கு தடித்துப்போய்க் கிடந்தது.

ஹுஸ்னா கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். அதில் என்ன எழுதியிருந்ததோ, அவள் முகம் இன்னும் கனிந்துவிட்டது. அவர் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பி, கட்டிலில் கொண்டுவந்து உட்காரவைத்து, கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். ராகவன் துண்டை முகர்ந்து பார்த்தார். காய்ந்துபோய் அலமாரி வாடை அடித்தது. அப்படியானால் நேற்றும் குளிக்கவில்லை. அல்லது இது நேற்றைய துண்டு இல்லை. அல்லது குளித்துவிட்டு மறந்துவிட்டாரா? மூன்றில் எது என்று முடிவுகட்டுவதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

தூக்கத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் வியாழக்கிழமையைப் பற்றித்தான். அன்று டாக்டர் வருகிறார். புத்தி தடுமாறியவர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் ஆளை மாடிக்கு மாற்றிவிடுவார்கள். மாடிக் கதவுக்கு நம்பர் பூட்டு. மேலே போனவர் நடந்து இறங்கி வந்து ராகவன் பார்த்ததில்லை. வியாழக்கிழமைப் பட்டியலில் அவர் இருக்கிறார் என்று மேற்பார்வையாளர் சாந்தினி வந்து இதமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "ஃபேமிலி ஓகே சொல்லிட்டாங்க அங்கிள், பயப்படாதீங்க," என்றும் சொன்னாள்.

ஃபேமிலி என்றால் யார்? அவருக்கு இருப்பது ஒரே மகள், கௌரி. கடலுக்கு அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் தொழிற்சாலை வேலை, இரண்டு பிள்ளைகள். பாலத்து நெரிசலில் முட்டி மோதி ஞாயிறு தவறாமல் வந்து பார்க்கிறவள். அந்தக் கௌரி கையெழுத்துப் போட்டுவிட்டாளா? அவளிடம் கேட்டுவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தார். அவள் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டபோது அழுகை வந்ததே தவிர, கேட்க வேண்டியது என்ன என்பது மறந்துபோயிற்று.

இங்கே ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் உங்களுக்கும் தலை சுற்றும்.

பர்மா ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிற இந்தப் பழைய பங்களாவுக்கு ராகவன் வந்து ஒன்றரை வருடம். மனைவி லலிதா போன பிறகு ஒருமுறை சமையலறையில் வழுக்கி விழுந்தார். அதோடு தனி வாசம் முடிந்தது. கீழ்த்தளத்தில் இருவர் தங்கும் அறை கிடைத்தது. உடனிருப்பவர் முத்துவீரப்பன் செட்டியார், எண்பத்தொரு வயது. பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு காலத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். மூன்று மகன்கள், மூவரும் வெளிநாட்டில். மூத்தவர் மெல்பர்னிலிருந்து மின்னஞ்சல் அனுப்புவார். செட்டியார் பெரும்பாலும் கண்ணை மூடிக் கிடப்பார், அபூர்வமாக ஓரிரு வார்த்தை பேசுவார்.

அப்படிப் பேசிய ஒரு நாளில்தான் வினை வந்தது. "தம்பி, வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ராகவன் நில அளவைத் துறையில் முப்பத்துநான்கு வருடம் உழைத்தவர். திசையைப் பற்றி அவரிடம் யாராவது கேட்டால் விடுவாரா? ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கொம்தார் கோபுரத்தைப் பார்த்தார், வெயில் விழுந்த கோணத்தைப் பார்த்தார், கணக்குப் போட்டார். "அண்ணே, உங்க தலைமாடு அச்சு அசல் வடக்கு. ஒரு டிகிரி கூடத் தப்பாது லா," என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

செட்டியார் பதறிப்போய் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வடக்கே தலை வைத்து இரண்டு வருடமாகப் படுத்திருக்கிறாரே! அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. கட்டிலைத் திருப்பிப் போடலாம் என்றால் அழைப்பு மணியின் வயர் சுவரோடு பதித்திருந்தது. எதிர்ச் சுவரில் இருந்த ராகவனின் கட்டிலுக்குத் தெற்கில் தலைமாடு. ராகவனுக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை கிடையாது. "நான் அங்க படுத்துக்கிறேன், நீங்க இங்க வாங்க," என்றார். தலையணையையும் பிஸ்கட் டின்னையும் மாற்றிக்கொண்டார்கள். பதினோராம் கட்டில் ராகவனுக்கு, பன்னிரண்டாம் கட்டில் செட்டியாருக்கு. மூத்த பணிப்பெண் நோர்மா பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போனாள். அவளுக்குக் கட்டில் எண் எதற்கு? இருபது வருடமாக முகம் பார்த்து வேலை செய்கிறவள். யாருக்குக் காப்பியில் சீனி வேண்டாம், யாருக்கு முழங்கால் நோவு என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

தைப்பூசம் முடிந்த வாரம் நோர்மா பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள தாசேக் கெலுகோருக்குப் போய்விட்டாள். அதே வாரத்தில் இல்லத்தை ஒரு புதிய நிர்வாகம் வாங்கியது. புது ஆட்கள், புது டேப்லெட், புது ஒழுங்கு. பணிப்பெண்கள் பார்க்கும் பட்டியலில் பெயர் இருக்காது, கட்டில் எண்தான் இருக்கும். பெயர் போட்டால் முதியவர்களின் அந்தரங்கம் கெட்டுவிடுமாம். மலத்துக்கும் மூத்திரத்துக்கும் நேரம் குறித்து வைக்கிறவர்களுக்குப் பெயரில்தான் அந்தரங்கம்!

உங்களுக்குப் புரிந்திருக்கும். ராகவனுக்குப் புரியவில்லை. கட்டில் மாற்றியது நாலு மாதத்துக்கு முந்தைய கதை. அதனால் ஒரு சங்கடமும் வந்ததில்லை. அதை அவர் நினைத்துப் பார்க்கவே காரணமில்லை.

முதல் நாள் கஞ்சி வந்தது. "சோறு எங்க?" என்று கேட்டார். பட்டியலில் கஞ்சிதான் என்றார்கள். இரண்டாம் நாள் ரத்த அழுத்த மாத்திரைக்குப் பதில், ஒரு கரண்டி ஜாமில் ஏதோ வெள்ளைப் பொடியைக் குழைத்து நீட்டினார்கள். ஆஸ்பத்திரியில் மாத்திரைக் கம்பெனியை அடிக்கடி மாற்றுவார்கள், இதுவும் அப்படித்தான் போலிருக்கிறது என்று விழுங்கினார். மூன்றாம் நாள் சாயங்காலம் ஹுஸ்னா பெரியவர்களுக்கான பெம்பர்ஸைக் கொண்டுவந்து கட்டப் பார்த்தாள். அன்று ராகவன் போட்ட சத்தத்தில் முன்கூடத்தில் டிவி பார்த்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். சாந்தினியும் வந்தாள்.

"நான் சொந்தமா டாய்லெட் போற ஆள்மா!"

"தெரியும் அங்கிள். நீங்க அப்படித்தான் சொல்வீங்க," என்றாள் சாந்தினி.

அவளைக் குறை சொல்ல முடியாது. பதினோராம் கட்டில் பற்றிய குறிப்பில் எல்லாம் இருந்தது. கோபப்படுவார், கஞ்சியை மறுப்பார், தனக்கு ஒன்றுமில்லை என்பார், குளிக்கப் போகிறேன் என்று கிளம்பி வாசலைத் தாண்டிவிடுவார், அன்பாகப் பேசித் திருப்பவும். அவர்களும் அன்பாகப் பேசித் திருப்பினார்கள். கஞ்சி சூடாக இருந்தது. விரிப்பு தினமும் மாறியது. நேரத்துக்கு மருந்து, நேரத்துக்குத் துடைப்பு. கவனிப்பில் ஒரு குற்றம் காண முடியாது. கவனிக்கப்பட்டவர்தான் வேறு ஆள்.

பத்து நாளில் ராகவனிடமிருந்து சத்தம் குறைந்தது. மூன்று வாரத்தில் கேள்வி குறைந்தது. துவைத்து வந்த துணியில் தன் கால்சட்டைக்குப் பதிலாக யாருடையதோ வேட்டி இருந்தால், கட்டிக்கொண்டார். நான்தான் வேட்டி கட்டுகிறவனோ என்னவோ. கண்ணைத் திறந்தால் காலையா மாலையா என்று தெரியவில்லை. ஏதோ ஒரு அலுவலகத்தில் தன்னைப் பற்றிய உண்மை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள், தனக்கு மட்டும் அது மறந்துவிட்டது என்று நம்பத் தொடங்கினார். பாவம், அவ்வளவு பேர் அவ்வளவு அன்போடு சொல்லும்போது ஒருவன் எத்தனை நாளைக்குத்தான் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பான்?

கௌரிக்கு வேறு விதமான குழப்பம். ஞாயிறன்று வந்தால் அப்பா வாயோரம் எச்சில் வடியத் தூங்குகிறார். பதறிப்போய் அலுவலகத்துக்கு ஓடி, "மிஸ்டர் ராகவனுக்கு என்னாச்சு?" என்று கேட்டால், சாந்தினி பெயரைத் தேடி, பன்னிரண்டாம் கட்டிலைத் திறந்து, மலர்ந்த முகத்தோடு படிப்பாள். தினமும் குளிக்கிறார். சோறு நன்றாகச் சாப்பிடுகிறார். காலையில் வராந்தாவில் நடக்கிறார், பேப்பர் படிக்கிறார்.

"எங்கப்பாவா?"

"ஆமா அக்கா. நல்லா இம்ப்ரூவ் ஆயிருக்காரு. குடும்பத்துல ஆள் வந்தா சில பேர் கொஞ்சம் டல்லாயிடுவாங்க. பாசம்தான்."

கௌரி வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்து அழுதாள். தான் வருவதுதான் அப்பாவுக்கு ஆகவில்லையோ என்று அவளுக்குத் தோன்றியது. அப்படியும் அடுத்த ஞாயிறு வந்தாள்.

சாந்தினி படித்ததில் பொய் இல்லை. சோறு சாப்பிட்டு, குளித்து, நடந்து, பேப்பர் படித்தவர் முத்துவீரப்பன் செட்டியார். ஆளைத் தூங்கவைக்கும் அந்த ஜாம் கரண்டி அவரிடமிருந்து போய்விட்டது. பதிலுக்கு வந்தது ராகவனின் சின்ன ரத்த அழுத்த மாத்திரை. அது அவரைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் வாரம் எழுந்து உட்கார்ந்தார். ஐந்தாம் வாரம் முகச்சவரம் செய்ய வேண்டும் என்று கண்ணாடி கேட்டார். பேப்பரில் தங்க விலையைச் சத்தமாகப் படித்துவிட்டு, "அநியாயம் தம்பி, அநியாயம்," என்று தூங்குகிற ராகவனிடம் சொல்வார். அவருக்கும் பிசகு உண்டு. சாயங்காலம் ஆறு மணி ஆனால், "மெய்யம்மை, காப்பி ஆயிருச்சா?" என்று இறந்துபோன மனைவியைக் கூப்பிடுவார். பதில் வராது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பேப்பரைப் புரட்டுவார்.

வியாழக்கிழமை வந்தது. அலுவலக அறையில் டாக்டர் காமினி உட்கார்ந்திருந்தார். இளம் வயது, பொறுமையான முகம். பக்கத்தில் சாந்தினி. ராகவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நடக்கக்கூடியவருக்கு எதற்கு நாற்காலி என்று கேட்க நினைத்தார். அதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"அங்கிள், உங்க பேர் என்ன?"

"ராகவன்."

டாக்டர் சாந்தினியைப் பார்த்தார். சாந்தினி குரலைத் தாழ்த்தி, "பக்கத்துக் கட்டில் பேரைச் சொல்றாரு டாக்டர். இப்ப அடிக்கடி இப்படித்தான்," என்றாள்.

"சரி. எத்தனை பிள்ளைங்க அங்கிள்?"

"ஒரு பொண்ணு."

டாக்டர் எதையோ குறித்துக்கொண்டார். ராகவன் உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார். தவறாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. ஒரு பெண் இல்லையா? பின்னே எத்தனை?

"பசங்க யாரும் இல்லையா? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"இருந்தா... எனக்குத் தெரியல."

"என்ன வேலை செஞ்சீங்க?"

"நிலம் அளக்கிற வேலை." அதுவும் தவறு போலிருந்தது. டாக்டரின் பேனா நகர்ந்தது. பள்ளிக்கூடத்தில் கூட அவர் இத்தனை கேள்விக்குத் தொடர்ந்து தவறாகப் பதில் சொன்னதில்லை. அடுத்ததையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வைஃப் பேராவது ஞாபகம் இருக்கா?"

"லலிதா," என்றார். சொன்னதும் டாக்டரின் முகத்தைத்தான் பார்த்தார். அந்த முகத்தில் இரக்கம் இருந்தது. நாற்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவள் லலிதா இல்லையா? அவளும் இல்லையென்றால் அப்புறம் என்னதான் இருக்கிறது?

"மெய்யம்மைன்னா யாரு, ஞாபகம் வருதா?" என்று டாக்டர் மெதுவாக எடுத்துக்கொடுத்தார்.

மெய்யம்மை. அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். தினமும் கேட்கிற பெயர். காப்பி. ஆறு மணி. யார் காதில் யார் சொன்னது? ராகவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். சேற்றில் காலை உருவுவதுபோல ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார். காப்பி கேட்பவர் செட்டியார். மெய்யம்மை செட்டியாரின் மனைவி. மகன்கள் செட்டியாருக்கு. கஞ்சி, துடைப்பு, வேட்டி எல்லாம் செட்டியாருக்கு. செட்டியார் என் கட்டிலில் படுத்திருக்கிறார். நான் அவர் கட்டிலில்.

"அம்மா, அது நான் இல்ல," என்றார். "அது அவரு. நாங்க கட்டில் மாத்திக்கிட்டோம். வடக்கே தலை வைக்கக் கூடாதுன்னு."

டாக்டரும் சாந்தினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரி அங்கிள்," என்றார் டாக்டர். அந்த இதமான "சரி" ராகவனைப் பயமுறுத்தியது. தன்னை வேறு ஆள் என்று சொல்லிக்கொள்கிறவன் எந்த மாடிக்குப் போவான் என்பது அவருக்குத் தெரியும்.

பெயரைச் சொன்னால் நம்பவில்லை. இவர்களுக்கு நம்பர்தானே வேண்டும்? ராகவன் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்றார்.

"என் ஐசி நம்பர் எழுதிக்கம்மா. நாலு ஒம்போது, சைபர் மூணு, ஒண்ணு ஏழு. நடுவுல சைபர் ஏழு..." பன்னிரண்டு எண்களையும் ஒரு மூச்சில் சொன்னார். அடையாள அட்டை எண்ணை இந்த நாட்டில் எவனும் சாகும்வரை மறக்க மாட்டான். பிள்ளைகளின் பெயர் மறந்தாலும் அது மறக்காது.

டாக்டர் டேப்லெட்டில் பதினோராம் கட்டிலைப் பார்த்தார். பிறகு பன்னிரண்டாம் கட்டிலைத் திறந்தார். ஒருமுறை பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார்.

"அக்கா," என்றார் டாக்டர் சாந்தினியிடம், "ஏழு வாரமா யாரோட மருந்தை யாருக்குக் கொடுத்தீங்க?"

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கௌரிக்குப் போன் போயிற்று. அவள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, சம்மதம் மெல்பர்னிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் ராகவன் குலுங்கிக் குலுங்கி அழுதார். மாடி இல்லை. கஞ்சி இல்லை. பெம்பர்ஸ் இல்லை. ஹுஸ்னா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அழுதாள். அவரே அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் காலை அவர் குளித்தார். குளித்துவிட்டுத் துண்டோடு வராந்தாவுக்கு வந்தார். அங்கே செட்டியார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ராகவனுக்கு உறைத்தது. தன் தலைக்குள் ஏழு வாரம் கட்டியிருந்த அந்தச் சேறு இப்போது யாரிடம் திரும்பிப் போகப் போகிறது?

டாக்டருக்குப் போன் போடச் சொல்லிப் பேசினார். "அந்த மருந்தை நான் சாப்பிட்டிருக்கேன்மா. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவருக்குக் கொடுக்காதீங்க. இப்ப நல்லா இருக்காரு, நீங்களே வந்து பாருங்க."

டாக்டர் நல்லவர். பொறுமையாகக் கேட்டார். ஆனால் சொல்ல அவரிடமும் நியாயம் இருந்தது. போன வருடம் செட்டியார் யாருக்கும் தெரியாமல் வெளியே போய், ஃபெர்ரி துறைமுகத்தில் பஸ்ஸுக்கு அடியில் விழப் பார்த்திருக்கிறார். தடுத்த பணிப்பெண்ணைத் தடியால் அடித்திருக்கிறார். மருந்தை நிறுத்த மூத்த மகனின் சம்மதம் வேண்டும், மின்னஞ்சல் போட்டிருக்கிறோம். பதில் வரும்வரை பாதி அளவு கொடுப்போம். "மாடிக்கு அனுப்பல அங்கிள். இப்போதைக்கு இல்ல," என்றார்.

பாதி அளவில் ஆள் மறுபடி படுத்துவிட எத்தனை வாரம் ஆகும்? ராகவன் கணக்குப் போட்டுப் பார்த்தார், விடை பிடிபடவில்லை. தான் செய்தது சரியா? வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் தான் இந்நேரம் மாடியில். திறந்ததால் செட்டியாருக்கு மறுபடி அந்த மருந்து. சரி என்றும் சொல்ல முடியவில்லை, தவறு என்றும் சொல்ல முடியவில்லை. மருந்தை நிறுத்தி, இவர் மறுபடி தெருவில் போய் விழுந்தால் அந்தப் பாவம் யாருக்கு? மருந்து இல்லாமலே ராகவனுக்குத் தலை சுற்றியது.

சாயங்காலம் சாந்தினியே ஜாம் கரண்டியோடு வந்தாள். இனிமேல் ஆளை விசாரிக்காமல் மருந்து கொடுப்பதில்லை என்று புது விதி. ராகவன் செட்டியாரின் பக்கத்தில் குனிந்தார்.

"அண்ணே, வேணாம்னு சொல்லுங்க."

"ஏன் தம்பி? உங்களுக்கு நல்லது செஞ்ச டாக்டரம்மா கொடுத்ததுதானே?"

"உங்க கோபம் எல்லாம் எங்க போச்சு? கத்துங்கண்ணே. தட்டி விடுங்க."

"பொம்பளப் பிள்ளை கையைத் தட்டி விடலாமா? என்ன பேச்சு இது," என்று செட்டியார் கடிந்துகொண்டார்.

"அங்கிள், ப்ளீஸ், மறுபடி குழப்பாதீங்க," என்றாள் சாந்தினி ராகவனிடம். பிறகு செட்டியாரிடம் திரும்பினாள். "உங்க முழுப் பேர் என்ன?"

செட்டியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். தன் பெயரைச் சொன்னார். அப்பச்சி, அதாவது அப்பா, பெயர் சாத்தப்ப செட்டியார் என்றார். ஊரைச் சொன்னார், கோயிலைச் சொன்னார், பினாங்கு ஸ்திரீட்டில் கடை இருந்த வாசல் எண்ணைச் சொன்னார். மூன்று மகன்களின் பெயரையும் பிறந்த நட்சத்திரத்தோடு சொன்னார். மனைவி மெய்யம்மை, இறந்து ஒன்பது வருடம், மாசி மாதம் திதி என்றார். கடைசியாக ஐசி நம்பரை, ஒரு எண்ணிலும் தடுமாறாமல், சொன்னார்.

சாந்தினி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். "எல்லாம் கரெக்ட்," என்றாள்.

பரீட்சையில் தேறிய பிள்ளைபோல முத்துவீரப்பன் செட்டியார் ராகவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வாயைத் திறந்தார்.